க்ரீம் இருக்கட்டும், முதலில் அறையை மாற்றுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். மே மாதம் மூன்றாவது வாரம் நான்கு இரவு மாலத்தீவு போகிறோம். நான், கணவர், மாமியார், நான்கு வயது மகன், அப்போது பத்து மாதம் ஆகியிருக்கும் மகள். பாப்பா தவழ்கிறாள், பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். கடலுக்கு மேலே கட்டிய வாட்டர் வில்லா, அதிலேயே சின்ன நீச்சல் குளமும் இருக்கிற மாதிரி கணவர் புக் செய்திருக்கிறார். தண்ணீரில் இறங்குகிற சின்ன விமானமான சீப்ளேனில் போக வேண்டிய தீவு. கடல் காற்று கைக்குழந்தைக்கு ஆகாது, சளி கட்டும் என்று அத்தை சொல்கிறார். பையனுக்குக் கையில் மாட்டுகிற காற்றுப் பட்டை வாங்கிவிட்டோம், அதுவே போதும் என்கிறார் கணவர். பாப்பாவைக் கடலில் இறக்கலாமா? என்ன சாப்பாடு கொடுப்பது? என்ன மருந்து எடுத்துப் போவது? முக்கியமாக, எந்த சன்ஸ்கிரீன் நல்லது?

பதில்: அம்மணி, ‘முக்கியமாக’ என்று போட்டு சன்ஸ்கிரீனைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நான் பேனாவால் வட்டம் போட்டது வேறு மூன்று இடங்களில்: வாட்டர் வில்லா, காற்றுப் பட்டை, தவழ்கிறாள்.

வாட்டர் வில்லா படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். அறைக் கதவைத் தள்ளினால் மரத்தளம். தளத்தின் விளிம்பில் கைப்பிடிச் சுவர் இருக்காது, அல்லது பெயருக்கு ஒரு கயிறு ஓடும். ஓரமாக நாலு படி, அது நேரே கடலுக்குள் இறங்கும். நீச்சல் குளத்தின் விளிம்பும் தளமும் ஒரே மட்டம். படம் அவ்வளவு அழகாக இருப்பதற்குக் காரணமே கண்ணை மறைக்க எதுவும் இல்லாததுதான். தேனிலவுக்கு வருகிறவர்களை நினைத்துக் கட்டிய வீடு அது. உங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு முதலில் எழுந்திருப்பது யார்? நான்கு வயதுப் பையனாகத்தான் இருக்கும். கண்ணாடிக் கதவை நகர்த்தத் தெரிந்த வயது, நீச்சல் தெரியாத வயது.

மாலத்தீவில் பல ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வாட்டர் வில்லாவில் தங்க விடுவதில்லை. சில இடங்களில் பெற்றோரிடம் ‘எங்கள் பொறுப்பு’ என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் தளத்துக்குக் கைப்பிடி முளைத்துவிடாது. ஆகவே முதல் வேலையாக, ‘பீச் வில்லா வேண்டும், தனிக்குளம் இல்லாததாக வேண்டும்’ என்று கேட்டு மாற்றுங்கள். கதவைத் திறந்தால் மணல், கொஞ்சம் நடந்தால் தண்ணீர். அந்தக் கொஞ்ச தூரம்தான் உங்களுக்கு வேண்டியது. பெரும்பாலும் வாடகையும் குறையும். உங்கள் கணவருக்கு அதையே முதலில் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது, சீப்ளேன். ஏறிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பாப்பாவுக்கு மூச்சு இளைத்தால் தூரத் தீவிலிருந்து படகில் மணிக்கணக்காக வர வேண்டும், இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். தலைநகர் மாலேயைச் சுற்றியுள்ள காஃபு அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் நிறைய ரிசார்ட்டுகள் உண்டு. விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட்டில் அரை மணி, முக்கால் மணியில் போய்விடலாம். மாலேயில் இந்திராகாந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டி 1995-இல் திறந்த பெரிய அரசு மருத்துவமனை. கைக்குழந்தையோடு போகிறவர்கள் தீவைத் தேர்ந்தெடுக்கும்போது மணல் எவ்வளவு வெள்ளை என்று பார்ப்பதைவிட, இரவில் மாலேக்கு எத்தனை நிமிடம் என்று கேட்பது நல்லது. ரிசார்ட்டிலேயே மருத்துவர் தங்கியிருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். நர்ஸ் மட்டும் இருக்கிற தீவுகளும் உண்டு.

ஸ்பீட் போட்டில் ஏறினால் முன்பக்கம் உட்காராதீர்கள். அலையில் தூக்கித் தூக்கிப் போடுவது முன்பக்கம்தான், பின்பக்கம் அடி குறைவு. மே மாதத்தில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், கடல் கொஞ்சம் ஆடும். வறண்ட மாதங்கள் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. எல்கேஜி பையன் பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு போட்டால் படிப்பு ஒன்றும் கெட்டுப்போகாது, அடுத்த முறைக்கு நினைவில் வையுங்கள். இந்த முறை தேதியை மாற்ற வேண்டியதில்லை, மழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

இனி தண்ணீர். இதைச் சொல்வதற்கு முன் என் கதை ஒன்று.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்கு நான்கு குடும்பமாகப் போயிருந்தோம். நாங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் மருத்துவர்கள், அதில் இரண்டு பேர் குழந்தை மருத்துவர்கள். குளத்திலிருந்து பத்தடி தள்ளி மேஜை போட்டு, மீன் வறுவல் வந்து, பேச்சு களை கட்டியிருந்தது. குழந்தைகள் ஆழமில்லாத பக்கம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. வெளிர்நீல நீச்சல் உடை, நான்தான் ஆசையாக வாங்கியது. அவள் எப்போது ஆழமான பக்கம் போனாள் என்று எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியாது. சத்தம் வரவில்லை. நீளக் கழியில் வலை கட்டி இலை அரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி கழியைப் போட்டுவிட்டுக் குதித்தார். யாரோ வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் கையில் என் குழந்தை. இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், பிறகு அழுதாள். அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாய் எனக்கு. அன்று அந்த வாயில் எச்சில் ஊறக்கூட அரை மணி ஆனது.

பிறகு கணவரிடம் கேட்டேன், ‘நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லையா?’ அவர் சொன்னார், ‘நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.’ மேஜையில் இருந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரே ஒரு ஆள் கூட இருந்திருந்தால் அந்த ஆள் கண்ணை எடுத்திருக்க மாட்டார். எட்டுப் பேர் இருந்ததால் யாருமே பார்க்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குக் கீழே. சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டி ‘காப்பாத்துங்க’ என்று கத்துவார். குழந்தை கத்தாது. மூச்சு விடவே முடியாதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாக வந்து போகும், உடம்பு செங்குத்தாக நிற்கும், ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜுக்குப் பதில் போடுகிற நேரம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. தண்ணீர் பக்கம் போனால் ஒரு சிவப்புத் துண்டு கூடவே வரும். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் பார்க்கிற ஆள். அவர் போனைத் தொடக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, இன்னொருவர் படம் எடுக்கிறார் என்று அந்தப் பக்கம் திரும்பவும் கூடாது. இருபது நிமிடம் ஆனதும் துண்டு அடுத்தவர் தோளுக்குப் போகும். சும்மா வீசக் கூடாது. ‘இப்போ நீங்க’ என்று வாயால் சொல்ல வேண்டும், ‘சரி, நான்’ என்று அவர் பதில் சொன்ன பிறகுதான் முன்னவர் எழுந்திருக்கலாம். முதல் நாள் சிரிப்பாக இருக்கும். உங்கள் ஊரில் தோளில் துண்டு போடுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் கணவர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பார்ப்பது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதைச் சொல்லவில்லை. நான்கு வயதுப் பையன் தண்ணீருக்குள் இருந்தால் துண்டுக்காரரும் தண்ணீருக்குள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் மாமியாரை இந்த வேலையில் தனியாக விடாதீர்கள். அவரது அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீச்சல் தெரியாத, முட்டி வலிக்கிற ஒருவரிடம் ‘ரெண்டு நிமிஷம் பார்த்துக்குங்க அத்தை’ என்று சொல்லிவிட்டுப் போவது அவருக்கும் செய்கிற அநியாயம்.

காற்றுப் பட்டை போதும் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். போதாது. அது விளையாட்டுச் சாமான். ஒரு கையிலிருந்து நழுவினால் குழந்தை ஒரு பக்கமாகச் சாயும், காற்று இறங்கினால் சொல்லாமல் இறங்கும். அதைவிடக் கெடுதல் என்னவென்றால், அதை மாட்டியதும் நம் கண் தளர்ந்துவிடுகிறது. பையனும் தனக்கு மிதக்கத் தெரியும் என்று நம்பிவிடுகிறான். மறுநாள் பட்டை இல்லாமலே குதிப்பான். எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். மாட்டி, பக்கிளைப் போட்டு, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் அது பெரியது. கைக்குழந்தைக்கான அளவு படகில் இருக்குமா என்று ரிசார்ட்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கழுத்தில் மாட்டி மிதக்கவிடுகிற வளையம் ஒன்று கைக்குழந்தைகளுக்கென்றே விற்கிறார்கள், ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அதை யாராவது பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உடையின் நிறமும் முக்கியம். வெளிர்நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் தண்ணீருக்கடியில் காணாமல் போய்விடும். என் மகளின் உடையைப் போல. பளிச்சென்ற ஆரஞ்சு, அடர் ரோஸ் நிறங்கள் தெரியும். திருப்பூரில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கடையில் தேட வேண்டுமா என்ன? நெருக்கமாகப் பின்னிய பாலியஸ்டர் லைக்ரா துணியில் முழுக்கை, முழங்காலுக்குக் கீழே வரும்படி இரண்டு செட் தைக்கச் சொல்லுங்கள். மெல்லிய காட்டன் பனியன் வேண்டாம், நனைந்தால் வெயிலை உள்ளே விட்டுவிடும். பின்னால் வரப்போகிற சன்ஸ்கிரீன் கேள்விக்குப் பாதிப் பதில் இதுவே.

ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால்? நம் ஊரில் தண்ணீரில் விழுந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். இரண்டும் வேண்டாம். வயிற்றில் இருப்பது வெளியே வந்து மூச்சுக்குழாயில் போய்விடும். குழந்தை மூச்சு விடவில்லை என்றால் ஒருவர் உதவிக்குக் கத்த வேண்டும், இன்னொருவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பாப்பா அளவு குழந்தைக்கு அதன் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். பிறகு நடுநெஞ்சில் 30 தடவை வேகமாக அமுக்கி 2 தடவை ஊதுவது, மறுபடி 30, மறுபடி 2, ஆள் வரும்வரை. படித்தால் கை வராது. போவதற்கு முன் நீங்களும் கணவரும் ஏதாவது மருத்துவமனையில் பொம்மையை வைத்துச் சொல்லித்தருகிற முதலுதவி வகுப்புக்கு ஒரு நாள் போய் வாருங்கள்.

‘குளித்து மூன்று நாள் கழித்துக் குழந்தை தூக்கத்தில் மூழ்கியது’ என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. அதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இருமி, உடனே சரியாகி, ஓடியாடுகிற குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, சோர்ந்து தூங்கி விழுகிறது என்றால் அன்றே, அப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அத்தையின் கவலைக்கு வருகிறேன். கடல் காற்றால் சளி பிடிக்காது. சளி வைரஸால் வருவது, அது விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தும்முகிறவரிடமிருந்து வரும். ஆனால் அத்தை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நனைந்த உடையோடு காற்றில் இருந்தால் சின்னக் குழந்தைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். அதே ஈரத்தோடு 20 டிகிரி ஏசி அறைக்குள் போனால் இன்னும் மோசம். ஏசியை 26-இல் வைத்து, கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காது மடலையும் தொடை இடுக்கையும் துடைத்து, காய்ந்த உடை போடுவதை அத்தையிடம் ஒப்படையுங்கள். இதில் அவரை மிஞ்ச உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

பாப்பாவைக் கடலில் இறக்கலாம். காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை நான்கரைக்குப் பின். பத்து நிமிடம், இடுப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாமல். உதடு நீலம் பூத்தாலோ நடுங்கினாலோ வெளியே வந்துவிடுங்கள். கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலில் 2.6 கிராம்தான். ஒரு மடக்கு உள்ளே போனால் பரவாயில்லை, வாந்தி எடுப்பாள், பால் கொடுங்கள். ஆனால் விளையாட்டாகக் குடிக்கப் பழக்க வேண்டாம். மணலைத் தின்பாள், அதைத் தடுக்க முடியாது, கொஞ்சம் போனால் மறுநாள் டயப்பரில் வந்துவிடும். மாலத்தீவில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. நம் கடற்கரைகளில் நாய்க் கழிவிலிருந்து தோலில் ஏறுகிற கொக்கிப்புழுத் தொல்லை அங்கே அந்த அளவுக்கு இருக்காது. பூனைகள் உண்டு, பூனை தோண்டுகிற மூலையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

பையனுக்கு ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு கட்டாயம். உடைந்த பவளம் பிளேடு மாதிரி கிழிக்கும், கல்லோடு கல்லாகக் கிடக்கிற கல்மீனின் முள் அதைவிட மோசம். முள் குத்தினால் காலை வெந்நீரில் வைக்க வேண்டும். பெரியவர் கை தாங்குகிற சூடு, 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணிக்குக் குறையாமல். வலி குறையும், ஆனால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஜெல்லிமீன் பட்டால் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். அப்புறம் சங்கு. நான்கு வயதுப் பையன் சங்கு பொறுக்காமல் இருக்க மாட்டான். ஐஸ்கிரீம் கோன் வடிவத்தில், அழகான கோலம் போட்டது போல ஒரு சங்கு உண்டு. உள்ளே உயிர் இருந்தால் அது விஷ ஊசி போடும். உயிரோடு இருக்கிற எதையும் தொடக் கூடாது, செத்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும் என்று ஊரிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். பவளமும் சங்கும் கடற்கரையிலிருந்து எடுத்துவர அங்கே சட்டமும் அனுமதிப்பதில்லை.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். கணவர் பாப்பாவை வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் முட்டி போட்டுத் தரையில் ஒரு சுற்றுத் தவழுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். நின்று பார்த்தால் தெரியாதது தவழ்ந்தால் தெரியும்: மேஜையிலிருந்து தொங்குகிற கெட்டில் வயர், கண்ணாடி டீப்பாயின் முனை, திறந்த பிளக், கீழ்த்தட்டில் மினிபாரின் சின்ன பாட்டில்கள், பட்டன் பேட்டரி போட்ட ரிமோட். பாத்டப்பில் தண்ணீர் நிரப்பிவிட்டு டவல் எடுக்க நகரக் கூடாது, உட்கார்ந்தால் இடுப்பளவு வருகிற தண்ணீரே இந்த வயதுக் குழந்தை மூழ்கத் தாராளமாகப் போதும். கடற்கரைக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவு கதவுக்குக் குறுக்கே பெரிய பெட்டியை நிறுத்துங்கள். பையன் அதை நகர்த்துகிற சத்தத்தில் நீங்கள் எழுந்துவிடுவீர்கள். தொட்டில் வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். ரிசார்ட் மெத்தை சேறு மாதிரி உள்வாங்கும், பாப்பாவை அதில் தலையணைகளுக்கு நடுவே படுக்க வைக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். அங்கே சமையலறைகளில் இந்தியர்களும் இலங்கையர்களும் நிறைய வேலை செய்கிறார்கள். குழைந்த சாதம், பருப்பு, தயிர் என்று கேட்டால் புரியும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், வெயிலில் வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடக் கொடுங்கள். ராகி மாவோ சத்துமாவோ வறுத்துப் பொடித்துக் கொஞ்சம் எடுத்துப் போனால் கெட்டில் வெந்நீரில் கூழ் ஆகிவிடும். காலை பஃபேயில் தேன் இருக்கும், ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக் கூட வேண்டாம். பையனின் திராட்சையை நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். சூடாக இருக்க வேண்டியது சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து எடுங்கள். நம் ஊர்க் கடைகளில் மாசிக்கருவாடு என்று விற்கிறது அல்லவா, அதன் பிறப்பிடம் அந்தத் தீவுகள்தான். சூரை மீனை உதிர்த்துத் தேங்காய்த் துருவலோடு பிசைந்து மாஸ் ஹுனி என்று காலையில் ரொட்டிக்கு வைப்பார்கள். மிளகாயை எடுத்துவிட்டால் உங்கள் பையன் விரும்பிச் சாப்பிடுவான், அத்தைக்கும் பிடிக்கலாம்.

மருந்துப் பை சின்னதாக இருந்தால் போதும். ஓஆர்எஸ் பாக்கெட் ஆறு, ஒரு பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டெட்ரா பேக்கில் வருகிற இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது, பழைய சரக்கு எங்காவது கிடந்தால் ஏமாறாதீர்கள். துத்தநாக சிரப், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, தெர்மாமீட்டர், காயத்துக்குப் பிளாஸ்திரி. பாராசிட்டமாலில் ஒரு எச்சரிக்கை: சிரப் 5 மில்லியில் 120, 125, 250 மில்லிகிராம் என்று பல வீரியத்தில் வருகிறது. கைக்குழந்தைச் சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். பையனின் சிரப் மூடியால் பாப்பாவின் சொட்டு மருந்தை அளந்து கொடுத்துவிட்டு ஓடி வருகிறவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். உங்கள் குழந்தை மருத்துவரிடம் இருவருக்கும் எடை போட்டு, எத்தனை மில்லி என்று எழுதி வாங்கி, அந்தந்தப் பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். அதே நாளில் ஒன்பது மாதத் தட்டம்மை ஊசி, ஃபுளூ ஊசி போட்டாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருமல் சிரப் வேண்டவே வேண்டாம்.

மாலத்தீவு மலேரியா ஒழிந்த நாடு, 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. டெங்கு இருக்கிறது. அந்தக் கொசு பகலில் கடிக்கும். இரண்டு குழந்தைகளுக்கும் டீட் அல்லது பிகாரிடின் உள்ள க்ரீம் தடவலாம், விரல் சூப்புகிற கையில் மட்டும் வேண்டாம். ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மாலத்தீவு போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபன், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப் வீட்டில் இருந்தாலும் தொடாதீர்கள்.

விமானம் இறங்கும்போது பாப்பாவை எழுப்பிப் பால் கொடுங்கள், காது அடைக்காது. பையனுக்கு ஒரு லாலிபாப்.

சரி, க்ரீம். மாலத்தீவு நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது, நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அலை நுரை 25 சதவீதம் வரை. குடைக்குள் உட்கார்ந்திருந்தாலும் கீழிருந்து வரும், மேகமூட்டமாக இருந்தாலும் வரும். அதனால் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை அறைக்குள்ளோ மர நிழலிலோ இருந்துவிடுங்கள். பையனிடம் ஒரு விளையாட்டாகச் சொல்லுங்கள்: ‘உன் நிழல் உன்னைவிடக் குட்டையா இருந்தா உள்ள வந்துடணும்.’ அவனே வந்து அறிவிப்பான். தேங்காய் எண்ணெய் தடவினால் வெயில் தாங்கும் என்று அத்தை சொல்லலாம், தாங்காது. துணி மூடாத முகம், புறங்கை, பாதம், கழுத்தின் பின்பக்கம் ஆகிய இடங்களுக்கு மட்டும் க்ரீம் போதும். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் பாப்பாவுக்கும் போடலாம். பிராண்ட் எதுவாக இருந்தாலும் சரி, ஜிங்க் ஆக்ஸைடு இருக்க வேண்டும், வாசனை இருக்கக் கூடாது, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையக் கூடாது. வெயிலுக்குப் போவதற்கு இருபது நிமிடம் முன்பு தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், தண்ணீரிலிருந்து எழுந்த ஒவ்வொரு தடவையும் மறுபடி தடவ வேண்டும். கொசு க்ரீம் அதற்கு மேலே, கடைசியாக. ஊரிலேயே பாப்பாவின் முன்கையில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள், சிவந்தால் வேறு வாங்க நேரம் இருக்கும். 100 மில்லிக்கு மேற்பட்ட டியூபைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள், பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். பாப்பாவின் பாலுக்கும் கூழுக்கும் அந்தக் கணக்கு இல்லை.